மனோரி கடல்நீர் ஆலை: சுற்றுச்சூழல் அறிக்கையைப் படிப்பதிலிருந்து கருத்துக் கேட்பு வரை, மும்பைத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மும்பைக்குத் தண்ணீர் தருவது ஏழு ஏரிகள்: பாட்சா, மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, மோடக் சாகர், தான்சா, விஹார், துளசி. ஜூனில் மழை தள்ளிப்போனால் மும்பை மாநகராட்சியான பிஎம்சி ‘பத்து சதவீத வெட்டு’ என்று அறிவிக்கும். தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் குழாயடியில் நிற்பவர்களுக்கு அந்தப் பத்து எவ்வளவாகி வந்து சேரும் என்பது தெரிந்த கதை. மழையை நம்பாத தண்ணீர் என்ற பெயரில்தான் மாலாடுக்கு மேற்கே, மனோரியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைத் திட்டம் வந்தது. விரிவான திட்ட அறிக்கைக்காக 2021 ஜூனில் இஸ்ரேலின் ஐடிஇ நிறுவனத்தோடு பிஎம்சி ஒப்பந்தம் போட்டது. முதல் கட்டத்தில் 200 எம்எல்டி, அதாவது நாளுக்கு 20 கோடி லிட்டர். பிறகு 400 எம்எல்டி.

ஆலை வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் கீழே உள்ள படிகள் ஒன்றுதான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தன்று மைக்கைப் பிடித்துப் பேசுவது செய்தியாகும். அதற்கு முன்னால் பக்க எண் போட்டு எழுதிக் கொடுத்ததுதான் கோப்பில் நிற்கும். அமைச்சகத்தின் நிபுணர் குழுவும் பிறகு பசுமைத் தீர்ப்பாயமும் எடுத்துப் பார்ப்பது அந்தக் கோப்பைத்தான்.

முதல் படி: எந்தச் சட்டத்தின் கீழ் அனுமதி என்று பாருங்கள்

பலர் இதைத் தாண்டிவிட்டு நேராகக் ‘கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கூட்டம் வருமா என்பதே இந்தப் படியில்தான் தெரியும்.

2006 செப்டம்பர் 14-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்கு ஓர் அட்டவணை உண்டு. துறைமுகம், அனல்மின் நிலையம், சுரங்கம், சிமென்ட் ஆலை என்று அதில் இனம் இனமாகப் பட்டியல் இருக்கும். கடல்நீர் குடிநீர் ஆலைக்கென்று அதில் தனி இனம் கிடையாது. அதனால் இந்த வகை ஆலைகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அதாவது சிஆர்இசட் வழியாகவே அனுமதி கேட்டுப் போகின்றன. இப்போது நடப்பில் இருப்பது 2019 ஜனவரி 18-ஆம் தேதி அறிவிக்கை. இதற்கு முன்னால் இருந்தவை 1991-லும் 2011-லும் வந்தவை.

இதனால் என்ன ஆகிறது? 2006 அறிவிக்கையின் கருத்துக் கேட்பு விதிகள் இந்த ஆலைக்குத் தாமாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. லட்சக்கணக்கானோர் குடிக்கப்போகும் தண்ணீர், மூன்று நான்கு கோளிவாடாக்களின், அதாவது கோளி மீனவர் குடியிருப்புகளின், கடல். ஆனாலும் ஒரு சிமென்ட் ஆலைக்குக் கட்டாயமான கூட்டம் இதற்குக் கட்டாயமில்லை. விசித்திரம்தான், ஆனால் ஏடு அப்படித்தான் இருக்கிறது. எனவே கூட்டம் தானாக வராது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். கேட்டு வாங்க வேண்டும்.

கேட்க இடங்கள் இரண்டு. ஒன்று, மாநிலத் தலைமைச் செயலகமான மந்திராலயாவில் சுற்றுச்சூழல் துறையோடு இயங்கும் மகாராஷ்டிரக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். கோப்பு முதலில் அங்கே போகும். ஆணையம் அதை 60 நாளுக்குள் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். மற்றொன்று, தில்லியில் உள்ள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் மதிப்பீட்டுக் குழு. கடலுக்குள் குழாய் போனால் அது சிஆர்இசட் நான்காம் வகை மண்டலம். ஏற்ற அலைக்கும் வற்ற அலைக்கும் இடைப்பட்ட நிலத்தைத் தொட்டால் முதலாம் வகை. இந்த இரண்டிலும் அனுமதி தருவது மத்திய அமைச்சகம். எனவே மனு இரண்டு இடத்துக்கும் போக வேண்டும்.

இன்னொரு வாசலும் உண்டு: பணம் யாருடையது என்று பாருங்கள். சென்னைக்கு அருகே பேரூரில் கட்டப்படும் 400 எம்எல்டி ஆலைக்கு ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பான ஜைக்கா கடன் தருகிறது. ஜைக்கா, உலக வங்கி போன்றவர்களுக்குத் தங்கள் சொந்த வழிமுறைகள் உண்டு. இங்குள்ள சட்டம் கேட்காவிட்டாலும், பாதிக்கப்படுவோரோடு கலந்து பேசியதற்கான பதிவை அவர்கள் கேட்பார்கள். மும்பைத் திட்டத்துக்கு அப்படி ஒரு கடன் வந்தால் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும்.

இரண்டாம் படி: வரைபடத்தை விரித்து வையுங்கள்

சிஆர்இசட் விண்ணப்பத்தோடு 1:4000 அளவில் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். அதில் உயர் அலைக் கோடு, தாழ் அலைக் கோடு, மண்டல எல்லைகள் எல்லாம் குறிக்கப்பட்டு, அவற்றின் மேல் ஆலையின் அமைப்பு வரையப்பட்டிருக்கும். இதை யார் வேண்டுமானாலும் போட முடியாது. அமைச்சகம் அங்கீகரித்த நிறுவனங்கள்தான் போட வேண்டும். சென்னையில் உள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனமும் அவற்றில் சேரும். ஆலையைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் காட்டும் இன்னொரு வரைபடமும் கட்டாயம்.

வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது அலையாத்திக் காடு. மனோரி ஓடையின் இரு கரையிலும் அலையாத்தி அடர்ந்து நிற்கிறது. மும்பையில் இதற்கு மற்ற ஊர்களைவிட வலுவான காவல் உண்டு. 2018 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, அலையாத்தியை அழிப்பது வாழ்வுரிமையை மீறுவதாகும். பொதுநலத் திட்டத்துக்காக வெட்டுவதானாலும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அலையாத்தியைச் சுற்றி 50 மீட்டர் தடுப்பு வளையமும் உண்டு. குடிநீர்க் குழாய் ஓடையைக் கடந்து மாலாட் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். அது தரைக்கு மேலா, தரைக்கு அடியில் துளையிட்டா, எந்த இடத்தில்? ஆலை நிலம் அலையாத்தியைத் தொடாமல் இருக்கலாம். குழாய்ப் பாதை தொடும். அறிக்கைகளில் ஆலையைப் பற்றி நூறு பக்கமும் குழாய்ப் பாதையைப் பற்றி அரைப் பக்கமும் இருப்பது வழக்கம்.

மூன்றாம் படி: ஆய்வு வரம்பிலேயே உள்ளே நுழையுங்கள்

எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று ஆய்வு தொடங்கும் முன்பே ஒரு பட்டியல் தீர்மானமாகும். அதை ஆய்வு வரம்பு என்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாததைப் பின்னால் கேட்டால் ‘வரம்பில் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனவே மக்களின் கேள்விகள் உள்ளே போக வேண்டிய நேரம் இதுதான். ஆனால் இதைப் பற்றி எந்த நாளிதழிலும் விளம்பரம் வராது. மத்திய அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் நிபுணர் குழுவின் கூட்ட நிரலும் நடவடிக்கைக் குறிப்பும் ஏறும். மாநில ஆணையத்தின் நிரலும் வெளியாகும். மாதத்துக்கு இரண்டு முறை ‘மனோரி’ என்று தேடிப் பார்க்க ஒருவரை நியமித்துவிடுங்கள்.

வரம்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியதில் முதலாவது பருவம். ‘விரைவு ஆய்வு’ என்றால் பொதுவாக மழையில்லாத ஒரே ஒரு பருவத்தின் அளவீடு. மும்பைக் கடலுக்கு அது போதவே போதாது. பிப்ரவரியில் லிட்டருக்கு 35, 36 கிராம் என்று நிற்கும் கடலின் உப்பு, ஜூலையில் ஓடை வாயருகே மளமளவென்று இறங்கும். அதே ஜூலையில் சேறும் கழிவும் சேர்ந்து வரும். மழைக்கு முன், மழையில், மழைக்குப் பின் என மூன்று பருவமும் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் அமாவாசை அல்லது பௌர்ணமிப் பெரிய ஏற்றத்திலும் அஷ்டமியை ஒட்டிய சின்ன ஏற்றத்திலும் தனித்தனி அளவீடு கேளுங்கள். பெரிய ஏற்றங்களில் மும்பையில் கடல் நான்கு, ஐந்து மீட்டர்கூட ஏறி இறங்குகிறது. சென்னைக் கடற்கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டர் அளவுதான். சென்னையின் நெம்மேலி, மீஞ்சூர் கடல்நீர் ஆலைகளில் சரியாகப் போயிற்று என்பதை இங்கே அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

நான்காம் படி: அறிக்கையைப் படிப்பது

நானூறு, ஐநூறு பக்கம் வரும். முதலிலிருந்து படித்தால் மண்ணின் நிறம், காற்றின் தூசி என்று அலுத்துப்போவீர்கள். கடல் பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் தலைகீழ் சவ்வூடுபரவல் ஆலையில் எடுக்கும் கடல்நீரில் ஏறக்குறைய 40 முதல் 45 சதவீதம் குடிநீராகும். 42 என்று வைத்துக்கொண்டால், 200 எம்எல்டி குடிநீருக்கு ஏறத்தாழ 476 எம்எல்டி கடல்நீர் உறிஞ்ச வேண்டும். மீதி 276 எம்எல்டி உப்பு செறிந்த கழிவுநீராகக் கடலுக்குத் திரும்பும். வரும் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், போகும் நீரில் 60 கிராம். அறிக்கையில் உள்ள எண்கள் இதற்கு அருகே இல்லாவிட்டால், ஏன் என்று கேட்பதுதான் உங்கள் முதல் கேள்வி. 400 எம்எல்டிக்கு விரிவாக்கும் எண்ணம் இருக்கும்போது தாக்கத்தை 200-க்கு மட்டும் கணக்கிட்டிருக்கிறார்களா என்பது இரண்டாவது. பாதியைக் காட்டி முழுசுக்கு அனுமதி வாங்கும் பழக்கம் நம் நாட்டில் புதிதில்லை.

கழிவுநீரைப் பற்றிச் சொல்லும்போது ‘உப்பு கடலிலிருந்து எடுத்ததுதானே, கடலுக்கே போகிறது’ என்பார்கள். உண்மைதான், உப்பு புதிதாக உண்டாகவில்லை. ஆனால் செறிந்த நீர் கனமானது. வெளிவந்ததும் அடியில் படிந்து தரையோடு ஊர்ந்து போகும். அடியில் வாழும் சிப்பி, புழு, நண்டு, முட்டை இவற்றின் மேல்தான் அது முதலில் படும். இதைக் கணக்கிடக் கணினி மாதிரி ஓட்டுவார்கள். அந்த மாதிரி இரு பரிமாணமா, முப்பரிமாணமா என்று பாருங்கள். இரு பரிமாண மாதிரி மேல்மட்டத்திலிருந்து அடிமட்டம் வரைக்கும் சராசரி போட்டுவிடும். கலக்காத காபியில் சர்க்கரை அடியில் கிடக்க, டம்ளர் முழுக்க அளவான இனிப்பு என்று சொல்வதற்கு ஒப்பானது அது. கழிவுநீர் வெளிவரும் இடத்தை ஒட்டிய பகுதிக்குத் தனி மாதிரி, அடிமட்ட உப்புக்குத் தனி வரைபடம், இவை இரண்டும் இருந்தே ஆக வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமா? கலிபோர்னியா 2015-இல் கொண்டுவந்த விதிப்படி, கழிவு வெளியேறும் இடத்திலிருந்து 100 மீட்டரில் உப்பு இயல்பைவிட ஆயிரத்துக்கு 2 பங்குக்கு மேல் கூடக் கூடாது. இங்கே அது சட்டமல்ல. ஆனால் ‘நூறு மீட்டரில், அடிமட்டத்தில், வற்ற அலை நின்றுபோகும் அந்த நேரத்தில், உப்பு எவ்வளவு கூடும்?’ என்று கேட்க அது துணை நிற்கும். நீரோட்டம் திசை மாறுவதற்கு முன் கொஞ்ச நேரம் நீர் அசையாமல் நிற்கிறதே, மோசமான நேரம் அதுதான். சராசரி நீரோட்டத்தைக் கொண்டு எடுத்த படங்களில் அந்த நேரம் தெரியவே தெரியாது.

உறிஞ்சும் பக்கமும் அதே அளவு முக்கியம். திரையருகே நீரின் வேகம் நொடிக்கு 0.15 மீட்டர் அளவில் இருந்தால் பெரிய மீன்கள் நீந்தித் தப்பிக்கும் என்பது பொதுவான கணக்கு. முட்டையும் குஞ்சும் தப்பாது; அவை திரைக்குள் புகுந்துவிடும். இனப்பெருக்கக் காலத்தில் அந்த இடத்தில் எத்தனை முட்டை, எந்தெந்த இனம் என்று வலை போட்டு எண்ணியிருக்கிறார்களா என்று தேடுங்கள். ‘குறைவான தாக்கம்’ என்ற சொல் மட்டும் இருந்து எண் இல்லை என்றால், அந்தப் பக்கத்தை மடக்கி வையுங்கள்.

அடுத்தது சேறு. இதைக் கேட்பவர் அரிது. மும்பைக் கடல் கலங்கிய கடல். லிட்டருக்கு 100 மில்லிகிராம் மண்துகள் என்று வைத்தால், 476 எம்எல்டியில் நாளுக்கு ஏறத்தாழ 48 டன் உலர்ந்த மண். வடிகட்டும்போது சேர்க்கும் பெரிக் குளோரைடும் இதோடு சேரும். மழைக்காலத்தில் கலக்கல் பல மடங்காகும். அந்தச் சேறு கடலுக்கே திரும்புகிறதா, லாரியில் போகிறதா? லாரி என்றால் மனோரியின் ஒற்றைச் சாலையில் எத்தனை நடை, கொட்டும் இடம் எது? குளோரின், அதை முறிக்கும் பைசல்பைட், சவ்வில் உப்புப் படியாமல் தடுக்கும் வேதிப்பொருள், சவ்வு கழுவும் அமிலம் இவற்றுக்கும் அளவோடு ஒரு அட்டவணை இருக்க வேண்டும்.

எடுக்கும் நீர் எப்படிப்பட்டது என்பதும் கேள்விதான். மாலாட் ஓடை மேற்குப் புறநகரின் கழிவுநீரைச் சுமந்து வந்து அதே கடலில் விடுகிறது. உறிஞ்சு குழாயின் வாய்க்கு அந்த நீர் எந்த ஓட்டத்தில், எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும்? குடிக்கப்போகிறவர்கள் நாம். மீனவர்களை விட்டுவிட்டாலும் இதையாவது கேட்க வேண்டும்.

மின்சாரத்துக்கு ஒரு கணக்குப் போதும். கன மீட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் செலவாகும். மூன்றரை என்றால் 200 எம்எல்டிக்கு நாளுக்கு ஏழு லட்சம் யூனிட். அது எங்கிருந்து வரும், கட்டணம் ஏறினால் தண்ணீர் வரி என்ன ஆகும் என்பது அறிக்கையின் மின்சாரப் பகுதியில் இருக்க வேண்டும்.

கடைசியாக மாற்று வழிகள் அத்தியாயம். இதில் வழக்கமாக ஆலைக்கு நான்கு இடம் காட்டி, மூன்றைத் தள்ளி, ஒன்றைத் தேர்ந்ததாக எழுதியிருப்பார்கள். அது இடத்துக்கான மாற்று, தண்ணீருக்கான மாற்று அல்ல. குழாய்க் கசிவை அடைத்தால் எவ்வளவு மிச்சமாகும்? கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் கொடுத்தால் எவ்வளவு? கார்காய் அணை வந்தால் 440 எம்எல்டி கிடைக்கும், ஆனால் தான்சா சரணாலயத்துக் காடு மூழ்கும். கடல்நீர் ஆலை அதற்குப் பதில் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. இப்போது அணைக்குப் பதில் ஆலையா, அணையோடு சேர்த்து ஆலையா? ‘பதில்’ என்றால்தான் காட்டைக் காத்த புண்ணியத்தை இந்த அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: மீனவர் சொல்வதை எழுத்தாக்குங்கள்

நேரம் அதிகமாகச் செலவிட வேண்டிய இடம் இது. மார்வே ஜெட்டியில் படகேறினால் சில நிமிடத்தில் மனோரி. கரையில் மூங்கில் கட்டிக் கயிறு இழுத்துப் பொம்பில் மீனை வாயோடு வாய் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். நம் வீடுகளில் கருவாட்டுக் குழம்பாகும் அதே பொம்பில்தான். அதைப் பிடிப்பது டோல் வலை. பை போன்ற வலையைக் கடலடியில் கட்டையோ நங்கூரமோ கொண்டு கட்டி, நீரோட்டத்துக்கு எதிராக வாயை விரித்து வைப்பார்கள். ஓட்டம் கொண்டுவருவதை வலை வாங்கிக்கொள்ளும். எனவே வலையின் இடம் ஓட்டத்தைப் பொறுத்தது. குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கமாக வகுத்த இடம் உண்டு. ‘குழாய் போகும் பாதையிலிருந்து நானூறு மீட்டர் தள்ளிப் போடுங்கள்’ என்று இழுவைப்படகுக்காரரிடம் சொல்லலாம். டோல் வலைக்காரரிடம் சொல்ல முடியாது. அந்த நானூறு மீட்டரில் வேறொருவரின் வலை இருக்கும், அல்லது ஓட்டமே இருக்காது.

டோல் வலை போடும் ஒரு கோளி மீனவரோடு உட்கார்ந்தால் பேச்சு இப்படிப் போகும் என்று வைத்துக்கொள்வோம்.

“காகா, குழாய் வந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“என்ன கஷ்டமா? தசராவுக்கு அப்புறம் அங்கதான் நல்லா விழும். அமாவாசை ஓட்டம் வேகமா இருக்கும். குழி தோண்டினா சேறு வலையை அடைச்சிடும். அப்புறம் நாங்க எங்க போறது?”

இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் பதில் ‘மீனவர் நலன் கருத்தில் கொள்ளப்படும்’ என்று வரும். அதே பேச்சைப் பிரித்து எழுதிப் பாருங்கள். இடம்: அடுத்த முறை அவர் கடலுக்குப் போகும்போது போனில் இருப்பிடப் புள்ளியைக் குறித்து வரச் சொல்லுங்கள்; பத்துப் பேர் குறித்தால் வலைகளின் வரைபடம் கிடைத்துவிடும். அதை 1:4000 வரைபடத்தின் மேல் வையுங்கள். காலம்: தசராவிலிருந்து எத்தனை மாதம், எந்தத் திதியில். வேலை: குழாய்க்குக் குழி தோண்டுவது எந்த மாதத்தில், எத்தனை நாள், சேறு எவ்வளவு தூரம் பரவும், அந்தப் பரவல் வரைபடம் எந்தப் பக்கத்தில். இப்போது கேள்வி இப்படி ஆகிவிடுகிறது: ‘இணைப்பில் குறித்த இத்தனை வலை இடங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை குழி தோண்டும் சேறு படியுமா? படியுமானால் பணியை ஜூன், ஜூலைத் தடைக்காலத்துக்கு மாற்ற முடியுமா? முடியாவிட்டால் இழப்பீடு எந்த அடிப்படையில்?’ இதற்கு ஒப்பந்தக்காரர் கைகாட்டித் தப்ப முடியாது. எண்ணோடு பதில் எழுதியாக வேண்டும். மழைக்காலத்தில் கடலில் குழி தோண்ட முடியாது என்று சொன்னால், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தடைக்காலம் என்றதும் ஒரு விஷயம். மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அறிக்கையில் மீன்வரத்துக் கணக்கு அந்த மாதங்களில் எடுத்ததாக இருந்தால் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். படகு எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டுப் பெண்களை விட்டுவிட்டார்களா என்றும் பாருங்கள். மீன் காயவைப்பது, தரம் பிரிப்பது, கூடை சுமந்து விற்பது எல்லாம் அவர்கள் கையில். கரையில் காயவைக்கும் இடம் ஆலைக்கோ குழாய்க்கோ போனால் படகுக்காரருக்கு இழப்பீடு வரும். அந்தப் பெண்ணுக்கு வராது, கணக்கில் அவள் பெயர் இல்லாவிட்டால்.

ஆறாம் படி: கருத்துக் கேட்பு

கூட்டம் நடத்த வைத்துவிட்டீர்கள் என்றால், 2006 அறிவிக்கையின் நான்காம் பிற்சேர்க்கையில் உள்ள முறையையே கேளுங்கள். நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எம்பிசிபி எனப்படும் அந்த வாரியத்தின் தலைமை அலுவலகம் சயானில் இருக்கிறது, தாராவியிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் தர வேண்டும். குறைந்தது 30 நாள் அவகாசம் வேண்டும். 2020 வரைவில் இதை 20 நாளாகக் குறைக்க முயன்றார்கள். எதிர்ப்பு பலமாக வந்தது. தலைமை தாங்குவது மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. மனோரிக்கு அது பாந்த்ரா கிழக்கில் உள்ள மும்பை புறநகர் ஆட்சியர். கூட்டம் திட்ட இடத்திலோ அதன் அருகிலோ நடக்க வேண்டும். முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்று நிபந்தனை கிடையாது. எனவே மழை நாளில் பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. முடிவில் எழுப்பிய கருத்துகளின் சுருக்கத்தை வட்டார மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த வாசிப்புக்கு முன் யாரும் எழுந்து போகாதீர்கள். உங்கள் கேள்வி அதில் விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்க வேண்டும், ஆட்சியர் கையெழுத்திடும் முன்.

வட்டார மொழி என்றால் இங்கே மராத்தி. அறிக்கையின் சுருக்கம் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வரும், தமிழில் வராது, கேட்டாலும் கட்டாயமில்லை. அதற்காக ஒதுங்க வேண்டாம். வீட்டில் மராத்தி மீடியம் படித்த பிள்ளை இருந்தால் சுருக்கத்தின் பத்துப் பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்து வாட்ஸாப்பில் போடுங்கள். பேசுவது மராத்தியிலோ இந்தியிலோ இருக்கட்டும். கோளிவாடா மக்களுக்குப் புரியும்படி பேசினால்தான் அவர்கள் உங்களோடு நிற்பார்கள். இந்தக் கடல் முதலில் அவர்களுடையது. மைக் கிடைத்ததும் நமது குழாயடிக் குறையைத் தூக்கி முன்னால் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏழாம் படி: எழுத்து மனு

தாராவி, செம்பூர், முலுண்ட் என்று தொலைவில் இருக்கும் நம்மில் பலருக்கு இதுதான் நேரான வழி. நேரில் பேசுவது திட்டப் பகுதி மக்களுக்கு, எழுத்து அக்கறையுள்ள மற்ற எல்லோருக்கும் என்று அறிவிக்கையே வகுத்திருக்கிறது. மால்வணி, மார்வே பக்கம் இருப்பவர்கள் இரண்டையும் செய்யலாம்.

ஒரே அச்சடித்த மனுவில் ஐந்நூறு கையெழுத்து வாங்குவதைவிட ஐந்து பேர் ஐந்து தனித்தனி மனு எழுதுவது மேல். ஐந்நூறு கையெழுத்தை ‘ஒரே பொருள் பற்றியவை’ என்று ஒரு வரியில் சுருக்கிவிடுவார்கள். ஒருவர் கழிவுநீர், ஒருவர் சேறு, ஒருவர் அலையாத்தி, ஒருவர் தண்ணீர் வரி, ஒருவர் மாற்று வழி. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று வேண்டும்: அறிக்கையின் பக்க எண், அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை. பிறகு நேரான கோரிக்கை. ‘பக்கம் இத்தனையில் உள்ள உப்புப் பரவல் வரைபடம் சராசரி ஆழத்துக்கானது. அடிமட்ட வரைபடம் இல்லை. மூன்று பருவத்துக்கும் அடிமட்ட வரைபடம் தந்த பிறகே பரிந்துரைக்க வேண்டும்.’ இவ்வளவு போதும். ‘கடல்தாயை அழிக்காதீர்’ என்பது துண்டுப்பிரசுரத்துக்குச் சரி, மனுவில் இடம் வீண். மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையோ இணைப்போ கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். குறிப்பாக, கணினி மாதிரிக்கு அவர்கள் கொடுத்த உள்ளீடுகளைக் கேளுங்கள். படத்தைத் தருவார்கள், உள்ளீட்டைத் தரத் தயங்குவார்கள்.

எட்டாம் படி: அனுமதி வந்த பிறகு

அனுமதிக் கடிதம் வெளியான நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை. அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். மகாராஷ்டிரத்துக்கான அமர்வு புணேயில் இருக்கிறது. வழக்கறிஞரைக் கூட்டம் நடக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி வந்த பின் தேடினால் முதல் இரண்டு வாரம் கோப்பைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும்.

வழக்கு வேண்டாம் என்றாலும் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை வரிவரியாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஆலை தரப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1-லும் டிசம்பர் 31-லும், நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அதைப் பொதுவில் வைக்க வேண்டும். ஆலையைக் கட்டவும் ஓட்டவும் நீர்ச் சட்டம் 1974-இன்படி எம்பிசிபியின் இசைவு தனியாக வேண்டும். கழிவுநீரின் அளவுக்கும் தரத்துக்கும் வரம்பு அந்த இசைவில்தான் இருக்கும். கடலடியில் உப்புமானி எங்கே நிற்கிறது, அதன் அளவு நேரடியாக இணையத்தில் தெரிகிறதா என்பதை இசைவு தரும் முன்பே கேட்டு வாங்குங்கள். ஆலை ஓடாத காலத்து அளவீடு கையில் இருந்தால்தான் ஓடிய பின் வரும் மாற்றத்தைக் காட்ட முடியும். எனவே மனோரி, கோராய், மட் கோளிவாடாக்களின் மீன் சங்கங்களோடு சேர்ந்து, குழி தோண்டுவதற்கு முன் ஒரு முழு வருடத்துக்கு எந்த இடத்தில் எந்த மீன் எத்தனை கிலோ என்று நோட்டில் எழுதத் தொடங்குங்கள். அறிக்கையின் வருகைக்காகக் காத்திருக்காமல் இதை இந்த மாதமே தொடங்கிவிடலாம்.